பசிக்கோடு

கொட்டாஞ்சேனை
30.09.2006

அன்புள்ள யசோவுக்கு,

இந்தக் கடிதம் கப்பலில் வருமோ பிளேனில் வருமோ தெரியாது. எதில் வந்தாலும் அது கிடைக்கும்போது நீரும் மாமாவும் சுகமாக இருக்க வேணும் என்று சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். நான் நல்ல சுகம்.

கலியாணம் முடித்து மூன்று மாதம்கூட ஒன்றாக இருக்கவில்லை. லீவு முடிந்து நான் கொழும்பில் வந்து இறங்க, பின்னால் சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அன்றைக்கு ரெலிபோனில் உம்முடைய குரலைக் கேட்டேன்தான். ஆனால் பின்னால் இவ்வளவு சனம் வரிசையில் நிற்க, மனுசன் என்னத்தைக் கதைக்கிறது? "சுகமா, சுகம்" என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம், அவ்வளவுதான். ஆகவே இனிக் கடிதம்தான்.

என்னுடைய சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீட்டுக்காரி கொன்ஸ்ரன்ஸ் அன்ரி மூன்று நேரமும் தருகிறா. நீர்தான் எழுத வேணும், அங்கே சாமான் கிடைக்கிறதா?

இனி வேலைக் கதை. வெள்ளவத்தையில் புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்களுடைய ஒஃபிஸ். நானும் ஷிப்லியும் ஒல்லாந்துக் கொம்பனி ஒன்றுக்குக் கொம்பியூட்டர் விளையாட்டுச் செய்கிறோம். அவன் படம் கீறுகிறான், நான் புரோகிராம் எழுதுகிறேன். கப்பல் உடைந்து ஒரு மனுசன் தீவில் ஒதுங்குகிறான். கதை, முடிவு ஒன்றும் கிடையாது. மரம் தறிக்கலாம், நிலத்தில் கிடங்கு கிண்டலாம், வீடு கட்டலாம், விருப்பம்போல. ஆனால் அவனுடைய தலைக்கு மேலே ஒரு பச்சைக்கோடு இருக்கும். அதுதான் பசிக்கோடு. நேரம் போகப் போகக் குறையும், சாப்பிட்டால் ஏறும், முடிந்தால் ஆள் முடிந்தான்.

இந்தக் கோடுதான் என் உயிரை எடுக்கிறது. வேகமாகக் குறைய விட்டால் விளையாட வந்தவனுக்கு நாள் முழுக்கத் தேங்காய் பிடுங்குவதே வேலை. மெதுவாக விட்டால் பசி என்று ஒன்று இருப்பதே அவனுக்கு ஞாபகம் வராது. நோன்பு பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற ஷிப்லி சிரிக்கிறான். "மச்சான், பசி ஒங்கட கோடு மாதிரி நேராப் போறல்ல. காலையில ஒண்டும் தெரியாது, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகுதான் ஆளப் போடும்" என்கிறான்.

நீர் மனையியல் ரீச்சர் அல்லவா? எந்தச் சாப்பாட்டுக்குக் கோடு எவ்வளவு ஏற வேணும் என்று நான் போட்ட அட்டவணையைக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பிழை திருத்தி அனுப்பும். மாமாவுக்கு என் அன்பு.

உம்முடைய,
கேதீஸ்


கொக்குவில்
24.10.2006

அன்பின் அத்தானுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உங்களுடைய சுகத்துக்கு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது தவறாமல் நேர்ந்துகொள்கிறேன். கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அப்பா முன்னால் இருந்ததால் பேசாமல் வாங்கி வைத்துவிட்டு, பிறகு கிணற்றடியில் போயிருந்து வாசித்தேன்.

அட்டவணை பார்த்தேன். நூற்றுக்கு முப்பது போடலாம். தேங்காய்க்கு இவ்வளவு தூக்கிக் கொடுத்திருக்கிறீர்களே, தேங்காய் மட்டும் தின்றுகொண்டு ஒருவன் தீவில் வீடு கட்டுவானா? வயிற்றாலே போய்க் கரையில்தான் கிடப்பான். ஒரே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் அதன் பலன் குறைய வேணும். பச்சை மீனுக்கும் சுட்ட மீனுக்கும் ஒரே அளவு போட்டிருக்கிறீர்கள். பிறகு நெருப்பு எதற்கு? இலை வகை ஒன்றையுமே காணவில்லை. முருங்கை என்று ஒரு மரம் இருப்பது கொழும்புக்குப் போனதும் மறந்துபோச்சுதோ?

பாடசாலை நடக்கிறது. செய்முறைப் பாடம் மட்டும் இப்போது கரும்பலகையில். போன கிழமை பட்டர் கேக் படிப்பித்தேன். மாவும் முட்டையும் இல்லாதபடியால் வெண்கட்டியால் கீறிக் காட்டினேன். முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி, "ரீச்சர், இன்னும் கொஞ்சம் பெரிசாக் கீறுங்கோ" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

சங்கக்கடையில் கூப்பனுக்குச் சாமான் தருகிறார்கள். எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. கொழும்புக்குக் கப்பலில் வர என்னுடைய பெயரையும் பதிந்திருக்கிறேன். அப்பாவோ வீட்டை விட்டு வரமாட்டேன் என்று நிற்கிறார். பார்ப்போம்.

அன்ரியின் சாப்பாட்டில் உறைப்புக் காணாது என்றால் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

அன்புடன்,
யசோதினி


கொட்டாஞ்சேனை
08.11.2006

அன்புள்ள யசோ,

இருமல் தடிமல் ஒன்றுமில்லை, நல்ல சுகம். உங்கள் இரண்டு பேரின் சுகத்தையும் நீர் எழுதினால்தான் எனக்குச் சுகம்.

முப்பது மார்க் கிடைத்ததை ஒஃபிசில் சொன்னேன். "மிஸ்ஸ ஒல்லாந்துக்கு அனுப்புவம் மச்சான், ஒன்னய வீட்டுக்கு அனுப்புவம்" என்றான் ஷிப்லி. அனுப்பினால் நல்லதுதானே என்று நினைத்தேன், பிறகு வேலை செய்ய மனம் வரவில்லை.

நீர் சொன்னபடி எல்லாம் மாற்றினோம். இப்போது ஒரே சாப்பாடு என்றால் பலன் குறையும். சுட்டால் கூடும். முருங்கையும் நட்டாயிற்று. ஒல்லாந்துப் பெடியன்கள் விளையாடிப் பார்த்துவிட்டு, பசி இப்போது பசி மாதிரி இருக்கிறதாம், ஆனால் கோடு முடிந்ததும் ஆள் திடீரென்று விழுவது நம்பும்படி இல்லையாம். பசித்தவன் எப்படி விழுவான் யசோ? புத்தகத்தில் ஏதாவது இருந்தால் பார்த்து எழுதும்.

இங்கே தெருச் சோதனை அதிகம். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. வெள்ளவத்தை பஸ்ஸில் ஐடென்டிக் கார்டைக் கையிலேயே வைத்திருக்கிறேன். அது பழகிப்போச்சு. பழகாதது ஒன்றுதான். பத்திரிகையில் அங்கத்தைய சாமான் விலையைப் போடுகிறார்கள். சோற்றில் கை வைக்கும்போது அது ஞாபகம் வருகிறது. குறை இல்லை என்று நீர் எழுதினீர். நீர் எப்போதுதான் குறை சொன்னீர்? எனக்கு வேறு ஒன்றும் தெரிய வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிடுகிறீரா? அதை மட்டும் எழுதும்.

உம்முடைய,
கேதீஸ்


கொக்குவில்
12.12.2006

அன்பின் அத்தானுக்கு,

இங்கே நலம். அங்கே நீங்கள் நனையாமல், காய்ச்சல் வராமல் இருக்க வேணும்.

வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறோம். நேற்று மத்தியானம் சோறும் இரண்டு கறியும். போதுமா?

பசித்தவன் எப்படி விழுவான் என்று கேட்டீர்கள். பாடசாலை நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் இருக்கிறது, அதைப் பார்த்து எழுதுகிறேன். அவன் ஒரேயடியாக விழமாட்டான். முதலில் கோபம் வரும், சின்னச் சாமான் கைதவறினாலும் எரிச்சல் வரும். பிறகு சாப்பாட்டு ஞாபகமாகவே இருக்கும். எங்கேயோ ஒரு வீட்டில் வெங்காயம் வதக்குகிற வாசம் வந்தால் நடுத்தெருவில் நின்றுவிடுவான். பிறகு அதுவும் போய்விடும், பசியே தெரியாது, ஒரு அமைதி வரும். அப்போது வீடு கூட்ட மனம் வராது. தலை இழுத்துப் பின்ன மனம் வராது. எழும்பும்போது கண் இருட்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் சரியாகிவிடும். உங்கள் விளையாட்டில் கடைசியாகத்தான் அவன் விழ வேணும்.

இன்னொன்று. அந்த மனுசனைத் தனியே விடாதீர்கள். தனியே இருக்கிற ஆம்பிளை ஒழுங்காகச் சமைக்கமாட்டான், எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு பெண்ணை விடுங்கள்.

காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். வெயில் அதிகம். அதனால் இப்போது பிரார்த்தனையை வகுப்புக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம்.

கப்பல் பெயர்ப்பட்டியல் இன்னும் நகரவில்லை.

அன்புடன்,
யசோதினி


கொட்டாஞ்சேனை
27.12.2006

அன்புள்ள யசோ,

நத்தார் முடிந்து தெரு முழுக்க வெடித் தாள் கிடக்கிறது. அன்ரி தந்த கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உம்முடைய கரும்பலகைக் கேக்கை நினைத்தேன். சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாய் இருக்க வேணும்.

பெண்ணை விட்டாயிற்று. ஷிப்லி நீளப் பின்னல் வைத்துக் கீறியிருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவன் என் மேசையில் இருக்கிற எங்களுடைய கலியாணப் படத்தைப் பார்த்துத்தான் கீறினான். அவளுடைய தலைக்கு மேலே கோடு கிடையாது. மனுசன் போய்க் கேட்டால் பதில் சொல்வாள். "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டால், "ஓம், நான் சாப்பிட்டாச்சு" என்பாள். யோசிக்காமல் அப்படி எழுதிவிட்டேன். வேறு என்ன பதில் சொல்லுவாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

நேற்று ஷிப்லி விளையாடிப் பார்த்தான். குடிசையில் சுட்ட மீன் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அவளைக் கேட்கிறான், சாப்பிட்டாச்சு என்கிறாள். இருந்தாற்போல் ஒரு நாள் கரையில் விழுந்து கிடக்கிறாள். "அடேய், அவ பொய் சொல்லீக்கிறா மச்சான்!" என்று கத்தினான். அவளுடைய பங்கையும் மனுசனுக்கு வைத்துவிட்டு இருந்திருக்கிறாள். நான் எழுதின புரோகிராம்தான், ஆனால் எனக்கே தெரியாமல் அப்படி நடந்திருக்கிறது. இப்போது பிரச்சினை, அவள் பொய் சொல்லுகிறாள் என்று மனுசன் எப்படிக் கண்டுபிடிப்பான்? என்ன அடையாளம் வைக்கலாம்?

புதிய அட்டவணையும் வைத்திருக்கிறேன். உடைந்த கப்பலில் பிஸ்கட் பெட்டி கிடைக்கும். காலையிலேயே பிஸ்கட்டைத் தின்றால் மத்தியானத்துக்கு முன்னம் கோடு இறங்கிவிடும். ஆனால் அதையே மத்தியானம் வரைக்கும் தள்ளிப்போட்டு, சீனி இல்லாத வெறும் தேத்தண்ணியில் தோய்த்து மெதுவாகத் தின்றால் இருட்டும் வரைக்கும் நிற்கும். இதைப் பார்த்துச் சரியா என்று எழுதும்.

ஒன்று கேட்க வேணும். மார்கழியில் என்ன வெயில், யசோ?

உம்முடைய,
கேதீஸ்


கொக்குவில்
15.01.2007

அன்பின் அத்தானுக்கு,

பொங்கல் முடிந்த கையோடு எழுதுகிறேன். முற்றத்தில் பொங்கினோம், அளவாக. இரண்டு பேரும் சுகம். நீங்கள் இல்லாத பொங்கல் எனக்குப் பொங்கலாகவே இருக்கவில்லை, அதை ஏன் மறைக்க வேணும்?

வெயில் பற்றிக் கேட்டீர்கள். இங்கே மழை விட்டுவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு அடையாளம் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன், ஒரு அடையாளமும் இல்லை. அவள் முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுப் பிரயோசனமே இல்லை, எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில்தான் சொல்லுவாள். மனுசன் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, ஒரே நேரத்தில், ஒன்றாகச் சாப்பிட வேணும். அப்போதுதான் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் நீங்கள் அதற்குத்தான் சண்டை பிடித்தீர்கள். அப்பாவுக்கு முன்னால் எனக்கு வெட்கம், நீங்கள் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறேன் என்று நின்றேன். எவ்வளவு விசர் வேலை! இருந்த நாளே கொஞ்சம், அதிலும் பாதி நாள் கதவுநிலையோடு நின்று நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்தேன்.

இனி உங்கள் அட்டவணை. தேங்காயில் பிழை விட்டீர்கள், மீனில் பிழை விட்டீர்கள், கீரை இருப்பதே தெரியாது உங்களுக்கு. ஆனால் பிஸ்கட்டும் வெறும் தேத்தண்ணியும் மட்டும் அச்சொட்டாகச் சரி. அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நூலகத்தில் அப்படி ஒரு புத்தகமும் இல்லை. இருந்து பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். கொன்ஸ்ரன்ஸ் அன்ரி மூன்று நேரமும் தருகிறா என்றீர்களே, அத்தான்?

எங்கள் பாடசாலை அன்னபாக்கியம் ரீச்சர் கண் ஒப்பரேசனுக்குக் கொழும்பு வருகிறா, பிளேனில் இடம் கிடைத்திருக்கிறது. அவவிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். மறுபேச்சுப் பேசாமல் வாங்குங்கள்.

அன்புடன்,
யசோதினி


கொட்டாஞ்சேனை
29.01.2007

யசோ,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இன்றைக்கு ரீச்சரிடம் பையை வாங்கினேன்.

பனங்கிழங்குப் புழுக்கொடியல். ஒடியல் மா. முருங்கையிலையைக் காயவைத்து இடித்த தூள். அதுவரைக்கும் சரி. அடியில் ஒரு கடதாசிச் சரை. பிரித்துப் பார்த்தால் சீனி! உமக்கென்ன விசரா? அங்கே ஒரு சுண்டு சீனிக்கு விடிய எழும்பி வரிசையில் நிற்கிறது சனம், இங்கே கடைக்குக் கடை மூட்டை மூட்டையாகக் கிடக்கிற ஊருக்கு அனுப்பியிருக்கிறீர். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குச் சீனி அனுப்பின ஆள் உலகத்தில் நீர் ஒருத்திதான் இருப்பீர். கட்டிலில் இருந்து சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது, அன்ரி கதவைத் தட்டுகிற அளவுக்கு.

நீர் பிடித்தது சரி. ஒல்லாந்துக்காரர் காசு அனுப்பாதபடியால் ஐப்பசிக்குப் பிறகு சம்பளம் இல்லை. கையில் இருந்த மிச்சத்தில் உமக்குக் காசு அனுப்புவதைக் குறைக்க மனம் வரவில்லை. சாப்பாட்டுக் காசு கொடுக்க வழியில்லாமல் அன்ரியிடம் ஒஃபிசில் சாப்பாடு தருகிறார்கள் என்றேன். ஷிப்லியிடம் அன்ரி வீட்டில் சாப்பிட்டேன் என்றேன். உமக்கு எழுதும்போது நல்ல சுகம் என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை, மனையியல் ரீச்சரைத் தவிர.

இன்றைக்கு அன்ரிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். "மாதாவே! என்ட வீட்டுல ஒரு புள்ள பட்டினி கிடந்திச்சா? நான் என்ன முகத்தோட கோயிலுக்குப் போறது?" என்று ஏசி ஏசி மீன்கறியும் சோறும் போட்டா. நிறையச் சாப்பிட்டேன். இது உண்மை.

நான் சொல்லிவிட்டேன், இப்போது உம்முடைய முறை. கப்பலில் பார்சல் எடுக்கிறார்கள். என்ன அனுப்ப வேணும் என்று நீர் சொல்ல வேணும். சொல்லாமல் நான் அனுப்பினால், எங்களுக்கு எதற்கு என்று அயலுக்குக் கொடுத்துவிடுவீர், உம்மைத் தெரியும். சொல்லும்.

கேதீஸ்


கொட்டாஞ்சேனை
03.03.2007

அன்புள்ள யசோ,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, பதில் இல்லை. ஏசி எழுதினதற்குக் கோபமா? தபால் தங்கிவிட்டதா? இரண்டு தரம் ரெலிபோனுக்குப் போனேன், லைன் இல்லை. நீரும் மாமாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீர் சொன்னபடியே விளையாட்டை மாற்றினேன். மனுசன் பக்கத்தில் இருந்து ஒன்றாகச் சாப்பிட்டால்தான் அவளும் சாப்பிடுவாள். எனக்கு அது நல்லாய்ப் பிடித்தது. ஒல்லாந்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இருந்து சாப்பிட யாருக்கும் பொறுமை இல்லையாம், அவளுடைய தலைக்கு மேலேயும் ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது என்கிறார்கள். வேறு வழியில்லை, போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். சம்பளமும் வந்துவிட்டது, இனி அந்தக் கவலை இல்லை.

வேலை முடிந்து எல்லாரும் போன பிறகும் நான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். தீவின் எந்த மூலையில் நின்றாலும் அந்த மனுசனுக்கு அவளுடைய கோடு தெரிகிறது. ஓடிப் போய்க் கொடுக்கிறான். எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. அவனுக்கு வாயால் கேட்கத் தேவையில்லை, அவளுக்கு மறைக்க வழியில்லை. எனக்கு உம்முடைய எழுத்து மட்டும்தான் இருக்கிறது, அதிலும் நீர் சுகம் என்றுதான் எழுதுவீர்.

உம்மைக் காண வேணும்போல இருக்கிறது, யசோ. அது இப்போதைக்கு நடக்காது. ஆனால் உண்மையை எழுதலாம்தானே? அதற்குக் கப்பல் ஏறக் கேட்கிற அனுமதி, கிளியறன்ஸ் ஒன்றும் தேவையில்லை.

உம்முடைய,
கேதீஸ்


கொக்குவில்
21.03.2007

அத்தான்,

உங்களுடைய இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. கோபம் இல்லை. எழுதக் கை வரவில்லை, அதுதான்.

மாசி நடுவில் வகுப்பில் விழுந்துவிட்டேன். கரும்பலகையில் இடியப்ப உரல் கீறிக்கொண்டு நின்றது ஞாபகம், பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான் ஞாபகம். டொக்டர், "கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார். "காலமை சாப்பிட்டாச்சு" என்றேன். அந்த மனுசனுக்கும் பொய் சொன்னேன். அவர் கண் மடலைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். அப்பாவுக்கு அப்போதுதான் தெரியும். கட்டிலடியில் இருந்து, "நீ சாப்பிட்டனி எண்டுதானே பிள்ளை நான் சாப்பிட்டனான்" என்று அழுதார். அவர் அழுது நான் முந்தி ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு இனி யாருக்கும் இந்தப் பொய்யைச் சொல்லமாட்டேன். எனக்கு முடியாது.

கார்த்திகையில் இருந்து ஒரு நேரம்தான். சோறும் இரண்டு கறியும் என்று எழுதினேனே, அன்றைக்குக் கஞ்சி. இரண்டு கறியும் முருங்கையிலையை இரண்டு விதமாக. பிள்ளைகள் விழுந்தது வெயிலால் இல்லை. நீங்கள் அனுப்பின காசு அப்படியே இருக்கிறது, வாங்கச் சாமான் இருந்தால்தானே? சீனி எங்களுடைய கூப்பன் சீனிதான். உங்களுடைய வெறும் தேத்தண்ணி என் கண்ணுக்குள் நின்றது, அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

பால்மா அனுப்புங்கோ. பருப்பு அனுப்புங்கோ. நெத்தலிக் கருவாடு, சோயா, பிஸ்கட், அப்பாவுக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய். நிறைய அனுப்புங்கோ, அயலுக்குக் கொடுத்தாலும் மிச்சம் எங்களுக்கு இருக்கிற அளவுக்கு அனுப்புங்கோ. கட்டின மனுசனிடம் சாப்பாடு கேட்டு எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் வந்து பக்கத்தில் இருந்தால் நான் ஒரு பிடி அவலோடும் இருந்துவிடுவேன். நீங்கள் வரமுடியாது, என்னுடைய பெயரும் பட்டியலில் அப்படியேதான் கிடக்கிறது.

இப்போது மத்தியானம் திரும்பிவிட்டது. அப்பாவும் நானும் ஒன்றாக இருந்துதான் இப்போது சாப்பிடுகிறோம், அவர் விடமாட்டார். சங்கக்கடைக்குப் போனவர் இன்னும் வரவில்லை.

நீங்கள் சாப்பிட்டனீங்களோ? எனக்குப் பசிக்குது அத்தான். நான் இன்னும் சாப்பிடேல்லை.

யசோ